தபசு வூட்டு ஜெசிந்தா

அடையாறு கடலில் கலப்பதற்குச் சற்று முன்னால், ஆற்றின் நடுவே தாழம்புதர் மண்டிய ஒரு சின்னத் தீவு இருந்தது. அதன் கிழக்கு முனையில் வியாகுல மாதா கோயில். கோயிலுக்குப் பின்னால் காரை உதிர்ந்த ஒற்றை அறை. எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்த ஒரு துறவி அதில் தனியே இருந்து, தனியே செத்தாராம். குப்பத்தார் அதைத் தபசு வூடு என்பார்கள். திருநாள் சமயத்தில் தோணி கட்டிக்கொண்டு ஜனம் போகும். மற்ற நாளெல்லாம் அது வௌவால்களின் இடம்.

அந்த அறையில் ஒரு மீன்காரி போய் உட்கார்ந்தாள். பெயர் ஜெசிந்தா. சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் பிறந்து, அதே குப்பத்தில் தேசப்பனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவன் பிடித்து வருவதைக் கூடையில் சுமந்து லஸ் முனை வரைக்கும் விற்றுவிட்டு வருவாள். பிள்ளை இல்லை. சண்டைக்கும் குறைவில்லை, சேர்ந்து சிரிப்பதற்கும் குறைவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு, ஐப்பசி மாதம். வானம் கருத்திருந்தும் தேசப்பன் இன்னும் இரண்டு பேரோடு கட்டுமரம் தள்ளினான். மரம் திரும்பவில்லை. கூடப் போன இருவரின் உடல்களும் திருவான்மியூர்க் கரையில் ஒதுங்கின. கட்டுமரத்தின் ஒரு கட்டை கொட்டிவாக்கத்தில் கிடைத்தது. தேசப்பன் மட்டும் கிடைக்கவில்லை.

பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து, மரித்தோர் பூசைக்கு நாள் குறிக்கலாமா என்று கேட்டார்.

"அது செத்தவனுக்குத்தான சாமி?" என்றாள் ஜெசிந்தா. "எம் புருசன் செத்தான்னு யாரு கண்டா?"

வீட்டில் மாமியார் ஓயாமல் ஒப்பாரி வைத்தாள். செத்ததாக எண்ணி அழுகிறவளோடு ஒரே கூரையின் கீழ் இருக்க ஜெசிந்தாவால் முடியவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவசுக் காலம் தொடங்கியதும், தீவில் தங்கி மாதாவுக்கு விளக்கேற்றி நேர்ந்துகொள்வதாகச் சொல்லிக் கிளம்பினாள். பெண்பிள்ளை தனியே இருப்பதாவது என்று சாமியார் தயங்கினார். பிறகு, கோயிலைக் கூட்டிப் பெருக்க ஆளில்லாததை நினைத்தோ என்னவோ, ஈஸ்டர் வரைக்கும் என்று சம்மதித்தார். தேசப்பனின் தம்பி துரைராஜ் தோணியில் கொண்டுபோய் விட்டான். ஈஸ்டர் வந்தது, போனது. அவள் வரவில்லை. சாமியாரும் கூப்பிடவில்லை.

விடிந்ததும் கோயிலைப் பெருக்குவாள். ஆற்றுச் சேற்றில் மட்டி பொறுக்கி அவித்துத் தின்பாள். மீதிப் பொழுதெல்லாம் தீவின் முனையில் நின்று கடலைப் பார்ப்பாள். இதைத் தவம் என்று அவள் சொல்லவில்லை. ஊர்தான் சொன்னது.

ஒருநாள் குப்பத்து ஆரோக்கியமேரி காய்ச்சலில் துவண்ட மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜெசிந்தா மாதா விளக்கின் எண்ணெயைத் தொட்டுப் பிள்ளையின் நெற்றியில் வைத்து ஒரு ஜெபம் சொன்னாள். அண்டை வீட்டுக்காரிக்கு வேறு என்ன செய்ய முடியும்? மறுநாள் காய்ச்சல் விட்டது. அவ்வளவுதான். பேச்சு குப்பம் தாண்டிப் பேட்டை பேட்டையாகப் பரவிவிட்டது. சிலுவை போட்டவர்களும் வந்தார்கள், திருநீறு பூசியவர்களும் வந்தார்கள். சிலர் காலில் விழுந்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, நான் மீன் விக்கிறவ" என்று முதலில் சொல்லிப் பார்த்தாள். பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் கையால் ஊரார் பிள்ளைகளுக்குக் குணம் கொடுக்கிற மாதா, என் புருஷனை எனக்குத் தராமலா போவாள்? வந்து போகும் ஒவ்வொரு பிள்ளையும் அவன் திரும்புவதற்கு ஒரு அச்சாரம் என்று உள்ளுக்குள் நம்பத் தொடங்கியிருந்தாள்.

அந்த ஈஸ்டருக்குப் பின் வந்த ஆடி மாதத்தில், ஒரு பகல் வேளையில், குப்பம்மா என்பவள் வந்தாள். மீர்சாகிப்பேட்டைக்காரி. சித்தாள் வேலை செய்பவள். தோளில் நாலு வயதுப் பெண் குழந்தை. கழுத்து வீங்கியிருந்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் ஓலையைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம்.

"தாயே, கொயந்த மூச்சுவுட முடியாம தவிக்குது. உன் கையால எண்ண தொட்டு வையி."

ஜெசிந்தா குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தாள். தொண்டையில் வெள்ளையாகத் தோல் போல் படர்ந்திருந்தது.

"இது எண்ணைக்கு அடங்குறது இல்ல. உங்க பேட்டைக்குப் பக்கத்துலயே ராயப்பேட்டை ஆஸ்பத்திரி கீதே! அத்த வுட்டு இம்மாந் தொலைவு இன்னாத்துக்கு வந்தே?"

"அது வாசலத் தாண்டித்தான் வந்தேன். உள்ள போனா கயுத்த அறுப்பாங்கன்றாங்க. நீ கீறன்ற தெகிரியத்துல நேரா இங்க வந்துட்டேன்."

ஜெசிந்தா குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கரைக்கு ஓடினாள். தோணியில் வலையை உலர்த்திக்கொண்டிருந்த துரைராஜ் அண்ணியின் முகத்தைப் பார்த்ததுமே கோலை ஊன்றினான். கரையேறி ஒரு ஜட்காவைப் பிடித்தார்கள். வழி நெடுக அவள் ஜெபம் சொல்லவில்லை. அந்தக் கிழிபடும் மூச்சு நின்றுவிடுமோ என்று காது கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். அது போதவில்லை. தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகினார்கள். அந்தி சாயும்போது டாக்டர் வெளியே வந்தார்.

"பிழைச்சுக்கும். காலையிலேயே கொண்டுவந்திருந்தா ஊசியோட போயிருக்கும், கழுத்துல கத்தி வைக்க வேண்டி வந்திருக்காது" என்றார்.

காலையில் குப்பம்மா அந்த வாசலைத் தாண்டி நடந்துகொண்டிருந்தாள். தன்னைத் தேடித்தான். ஜெசிந்தா சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அச்சாரம் என்று தான் நம்பியதற்கு இந்தக் குழந்தையின் கழுத்து விலையாகியிருந்தது.

குழந்தை வீடு திரும்பியதும் குப்பம்மா தேங்காயும் கற்பூரமுமாகத் தீவுக்கு வந்தாள். கூடவே பேட்டையே வந்தது.

"என் கொயந்த உசுரக் குடுத்த தெய்வம் நீ!"

"டாக்டரு குடுத்தாரு. என்னாலதான் அதும் கயுத்துல ஓட்ட. அத்த மறந்துடாத."

குப்பம்மா கேட்டால்தானே! கற்பூரத்தைக் கொளுத்தியேவிட்டாள். சுற்றி நின்ற பெண்கள் கை கூப்பினார்கள். ஜெசிந்தா குனிந்து, எரிகிற கற்பூரத்தை மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தாள். அவள் யார் முகத்தையும் பாராமல் தோணியில் ஏறி, "கரைக்கு வுடு, சாமியாரப் பாக்கணும்" என்றாள் துரைராஜிடம்.

சாமியார் பங்குக் கோயில் தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்தார்.

"சாமி, எம் புருசனுக்கு மரித்தோர் பூசை வைக்கணும்."

அவர் நின்றார். "ஏதாவது தகவல் வந்ததா, ஜெசிந்தா?"

"வரல சாமி. இனிமே வராது. கட்டை கெடச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும்."

சொல்லி முடித்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது. பத்து மாதத்து அழுகை. சாமியார் தடுக்கவில்லை. பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து, அது ஓயும் மட்டும் காத்திருந்தார். பிறகு, "அறையை என்ன செய்வோம்?" என்று கேட்டார்.

"வாசல செங்கல் வெச்சு அடைச்சுடுங்க. இல்லாங்காட்டி ஜனம் வந்துகினேதான் இருக்கும்."

வெள்ளிக்கிழமை பூசை நடந்தது. உடல் இல்லாததால் ஒரு பெஞ்சின் மேல் கறுப்புத் துணி போர்த்தி, நான்கு புறமும் மெழுகுவத்தி வைத்தார்கள். மாமியாரும் மருமகளும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். அன்று மாலை ஜெசிந்தா தாலியைக் கழற்றி மாமியார் கையில் கொடுத்துவிட்டு, மறுநாள் விடியலில் கூடையை எடுத்தாள். வழியில் சிலர் கும்பிட்டார்கள். "வஞ்சிரம் கீது, வேணுமா?" என்று கேட்டாள். நாளாக ஆகக் கும்பிடுவது நின்று, விலை பேசத் தொடங்கினார்கள்.

குப்பம்மா மட்டும் விடவில்லை. தெய்வம் என்று கூப்பிடுவதை விட்டு அக்கா என்று கூப்பிடப் பழகிக்கொண்டாள். ஐப்பசியில் வரும் கல்லறைத் திருநாளன்று எல்லோரும் தங்கள் வீட்டாரின் கல்லறைக்குப் பூவும் மெழுகுவத்தியுமாகப் போவார்கள். தேசப்பனுக்குக் கல்லறை இல்லை. ஜெசிந்தா அலை தொடாத மேட்டு மணலில் ஒரு மெழுகுவத்தியை நட்டு வைப்பாள். அந்த மாதத்துக் காற்று சும்மா விடாது. முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, வத்தி எரிந்து முடியும் வரைக்கும் குப்பம்மா கடலுக்கு முதுகு காட்டி நிற்பாள்.