என் ரத்தமும் இரண்டாம் ஓலையும்

என் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கோபம் இத்தனை வருடம் கழித்தும் ஆறவில்லை. ஏன் ஆற வேண்டும் என்றும் எனக்கு விளங்கவில்லை.

எங்களுடையது மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் கிராமம். தொண்ணூறுகளில் ஊரில் பாதி ஆண்கள் வளைகுடாவில் இருந்தார்கள். நடவுக்கு ஆள் பிடிப்பதே பெரும்பாடு. நான் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். குவைத்தில் வேலை பார்த்த ஒருவருக்கு என்னைப் பேசி முடித்தார்கள். அவருடைய தாய்மாமன்தான் எங்கள் பக்கத்து விசா ஏஜென்ட். கல்யாணம் முடிந்ததும் எனக்கும் அங்கேயே ஆஸ்பத்திரி வேலை என்று ஏற்பாடு செய்தவரும் அவர்தான்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் மைக்கில் அறிவிப்பார். எனக்கு முதல் ஓலை வாசித்த வாரம்தான், விசா மெடிக்கலுக்காகச் சென்னை போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். 'அன்ஃபிட்' என்று வந்தது. வி.டி.ஆர்.எல். பரிசோதனையில் பாசிட்டிவ். அதாவது, மேகநோயாம்.

முடிவு என் கைக்கு வரவில்லை, ஏஜென்டிடம் போயிற்று. மனிதர் டீக்கடை, ரைஸ் மில், சொசைட்டி என்று எல்லா இடத்திலும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"கெட்ட சகவாசத்துல வர்ற வியாதிங்க இது. எங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்ல? ஓலையை நிறுத்தச் சொல்லிட்டேன்," என்றார் அம்மாவிடம். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அவர் போனதும் அம்மா கேட்டாள்: "யாருடி அவன்?"

ஏஜென்டை விடுங்கள், அவர் யாரோ. இது பெற்றவள் கேட்ட கேள்வி. "உன் பொண்ணை உனக்குத் தெரியாதா?" என்று தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்தினேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் நேராக எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போனேன். "தப்பா வந்திருக்கு டாக்டர். திரும்ப எடுங்க," என்றேன். மேகநோய்க் கிருமிக்கென்றே உள்ள இன்னொரு பரிசோதனையை எடுக்கச் சொன்னார். நெகட்டிவ். நான் துள்ளிக் குதிக்காத குறை. அவர் மட்டும் சிரிக்கவில்லை. முட்டி வலிக்கிறதா, வெயிலில் போனால் கன்னம் சிவக்கிறதா, முடி கொட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் இருந்தது. முட்டிவலிக்கு டியூட்டி, சிவப்புக்கு பஸ் ஸ்டாண்டு வெயில், முடிக்கு போர் தண்ணி என்று நானே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். நர்ஸ் வேலை பார்த்து என்ன பிரயோஜனம், போங்கள்!

இன்னும் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"வெளியிலேருந்து வர்ற கிருமியை அடிக்கத்தான் உடம்பு ஆன்டிபாடி தயார் பண்ணுது. உனக்கு அது ஆள் தெரியாம உன்னையே அடிக்குது. இதுக்குப் பேரு லூபஸ். வி.டி.ஆர்.எல். கிருமியைத் தேடுறதில்லம்மா, ஒரு கொழுப்புக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடுது. மேகநோய் வந்தவங்களுக்கு அது இருக்கும். லூபஸ்லயும் சில பேருக்கு இருக்கும்."

முற்றிலும் குணமாகாது, மாத்திரையோடு காலம் தள்ளலாம், பிள்ளை உண்டானால் ரத்தம் உறைந்து கலையாமல் பக்குவமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். என்னைக் கெட்டவள் என்று சொன்ன அதே ஆன்டிபாடிதான் என் வியாதியையும் காட்டிக்கொடுத்திருக்கிறது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பஸ் ஏறினேன்.

மேகநோய் இல்லை என்றதும் அம்மா மாதா படத்துக்கு முன்னால் முழங்காலிட்டுவிட்டாள். லூபஸ் என்றதும் எழுந்து கதவைச் சாத்தினாள். "இதை வெளியில மூச்சு விடாத. யாரு கட்டிப்பா?"

பக்கத்து வீட்டுப் போனுக்குக் குவைத்திலிருந்து மாப்பிள்ளை கூப்பிட்டார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கல்யாணம் முடியட்டும், பாத்துக்கலாம். யார்கிட்டயும் சொல்லாத," என்றார். வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏஜென்டிடம் நெகட்டிவ் ரிப்போர்ட்டை நீட்டினேன். "அப்ப சரி, ஓலை வாசிக்கச் சொல்லிடறேன்," என்றார். "யார் யார்கிட்ட சொன்னீங்களோ அவங்ககிட்டல்லாம் மாத்திச் சொல்லுங்க," என்றேன். அவர் சிரித்தார். "அட, அதெல்லாம் நாலு நாள்ல மறந்துடும்மா."

மறந்துவிடுமாம்! என் பெயரை நாறடித்துவிட்டு, நான் வாயைப் பொத்திக்கொண்டு தாலிக்குக் கழுத்தை நீட்ட வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலை. கோயில் நிறைந்திருந்தது. தடை இருந்தால் சொல்லலாம் என்று சாமியார் வாசித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேன். "உக்காருடி," என்று அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை.

"எனக்கு மேகநோய்னு இந்த ஊர்ல எல்லாருக்கும் சொன்னாங்க, சாமி. அது பொய். எனக்கு இருக்கறது லூபஸ். என் ரத்தம் என்னையே அடிக்கிற வியாதி. மாப்பிள்ளைக்குத் தெரியும், சொல்லவேண்டாம்கறார். சொல்லாம கட்டிக்க எனக்கு இஷ்டமில்ல."

"இதெல்லாம் அறையில பேசலாம்மா," என்றார் சாமியார்.

"பழியை அறைக்குள்ள போடல சாமி. தெருவுலதான் போட்டாங்க."

ஏஜென்ட் தலையைக் குனிந்துகொண்டார். சாமியார் கையிலிருந்த காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப மூணாம் ஓலையை வாசிக்கவா, வேண்டாமா?"

"அவர் லீவுல வரும்போது இங்க நின்னு, தெரிஞ்சுதான் கட்டுறேன்னு சொல்லட்டும். அப்புறம் வாசிங்க," என்றேன்.

சேலையைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது. திரும்பிப் பார்த்தால் அம்மா எழுந்து என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அவர் லீவில் வந்தார். கோயிலுக்கு வரவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது; பல மாதம் அழுதேன். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்ப வந்தால், திரும்பவும் எழுந்துதான் நிற்பேன்.