ஐந்தாம் மாதத்துக் காய்ச்சல்

மகள் என் வயிற்றில் இருந்த ஐந்தாம் மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. அரியாங்குப்பத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. நான்கு நாள் படுத்திருந்தேன் என்று கணவர் சொல்கிறார். எனக்கு அது ஒரே நீண்ட பகலாகத்தான் நினைவிருக்கிறது. மின்விசிறியின் நிழல் சுவரில் சுற்றிக்கொண்டே இருந்தது. கட்டில் மெல்ல நகர்ந்து வாசலைத் தாண்டி, தெருத் தண்ணீரில் மிதந்து, ஆற்றுக்குள் இறங்கியது. பாலத்துக்கு அடியில் போகும்போது மேலே பஸ் ஓடும் அதிர்வு கேட்டது. என் வயிறு தனியாக ஒரு சின்னப் படகு போல எனக்குப் பக்கத்தில் வந்தது. உள்ளே உட்கார்ந்து யாரோ துடுப்புப் போட்டார்கள். "பயப்படாத, கரை வந்துடும்" என்று அந்தப் படகிடம் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னேனா என்று தெரியவில்லை.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ஸ்கேனில் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள். மாசி மாதக் கடைசியில், குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்னால், மகள் பிறந்தாள். நல்ல எடை, நல்ல நிறம், தலை நிறைய முடி. காய்ச்சலை மறந்துவிட்டோம்.

இரண்டு வயதாகியும் அவள் அம்மா என்று கூப்பிடவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டாள். தண்ணீர் பாட்டில் மூடிகளைச் சேர்த்துச் சமையலறை வாசலிலிருந்து தெருக்கதவு வரை வரிசையாக அடுக்குவாள். ஒரு மூடி விலகினால் முதலிலிருந்து தொடங்குவாள். குக்கர் விசிலடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். மற்ற நேரமெல்லாம் அவளைச் சுற்றி ஓர் அமைதி இருக்கும். ஜன்னல் வெயிலில் பாட்டிலைப் பிடித்து, தண்ணீருக்குள் வெளிச்சம் அசைவதை அரைமணி நேரம் பார்ப்பாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். அந்த அரைமணி நேரங்கள் எனக்குப் பிடித்தமானவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டவுனில் ஒரு குழந்தை மருத்துவர் அவளைப் பல தடவை பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார். அன்றைக்கு அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று, "மாசமா இருந்தப்ப காய்ச்சல், தொற்று எதாவது வந்துச்சாம்மா?" என்பது. வந்தது என்றேன். எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. விஷயம் கேள்விப்பட்ட நாத்தனார், "மாடியில துணி எடுக்கப் போய் நனைஞ்சிட்டு வந்தியே, அப்ப புடிச்ச காய்ச்சல்தான" என்றார். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவருக்கு அது ஒரு ஞாபகம், அவ்வளவுதான். எனக்கு அது தீர்ப்பாகிவிட்டது.

மகளை உப்பளம் பகுதியில், இப்படிப்பட்ட குழந்தைகளுக்கான ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தோம். காலையில் அவளை விட்டு மதியம் அழைத்து வர வேண்டும். அதற்குத் தோதாக எனக்கு டவுனில் ஓர் ஆராய்ச்சிக் கட்டடத்தின் விலங்குக்கூடத்தில் வேலை கிடைத்தது. கல்யாணத்துக்கு முன் படித்த லேப் டெக்னீஷியன் படிப்பு அப்போதுதான் உதவியது. வெள்ளைச் சுண்டெலிகள். கூண்டு மாற்றுவது, தீனி, தண்ணீர், எடை பார்ப்பது, ஊசி போடும்போது நோகாமல் பிடிப்பது. ஏசியின் ஒரே சீரான இரைச்சலில், மரத்தூள் வாசனையில், அந்த அறைக்கு வெளியே என்ன நேரம் என்பதே தெரியாது. தூக்கத்தில் நடக்கிற மாதிரி வேலை பார்ப்பேன்.

வேலைக்குப் போய் ஒரு வருஷம் கழித்து ஓர் ஆய்வு மாணவி வந்தாள். விழுப்புரம் பக்கத்துப் பெண், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன்.

"சினையா இருக்கற எலிக்கு ஒரு மருந்து போடுவோம்க்கா. அதுல நெஜ வைரஸ் கெடையாது. வைரஸ் வந்துட்டதா உடம்பை நம்ப வைக்கும், அவ்ளோதான். உடனே உடம்பு சண்டைக்குக் கெளம்பிடும். அந்தச் சண்டை வயித்துல வளர்ற குட்டியோட மூளையை என்ன பண்ணுது, குட்டி பெருசானா எப்படி நடந்துக்குது, அதைப் பாக்கப்போறேன்."

சரி என்று மட்டும் சொன்னேன். அடுத்த கூண்டை இழுத்துத் தீனி போட்டேன்.

பாதி எலிகளுக்கு அந்த மருந்து, பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். மருந்து போட்டவை சாயங்காலத்துக்குள் ஒரு மூலையில் சுருண்டுவிடும். முடி சிலிர்த்து நிற்கும். தீனியைத் தொடாது. மறுநாள் எழுந்து ஒன்றுமே நடக்காதது போலக் கூடு கட்டத் தொடங்கும். கூண்டுகளில் எண் மட்டும்தான் இருக்கும். பிறகு குட்டிகளை அளப்பவர்களுக்கு எது எந்தத் தாய் என்று தெரியக் கூடாது என்பது விதி. ஆனால் ஊசிக்குப் பிடித்தது என் கை. எனக்குத் தெரியும்.

குட்டிகள் பிறந்த ஒரு வாரத்தில் ஒவ்வொன்றையும் தாயிடமிருந்து சில நிமிஷம் பிரித்து, அது கூப்பிடுகிறதா என்று பதிவு செய்வோம். அந்தக் கூப்பாடு நம் காதுக்கு எட்டாது. ஒரு கருவி அதைத் தாழ்த்திக் கொடுக்கும். முதல் தடவை ஹெட்ஃபோனை மாட்டியபோது, அக்கரையிலிருந்து யாரோ மெல்லிசாக விசிலடிப்பது போலக் கேட்டது. இவ்வளவு நாளும் இந்த அறை முழுக்க இந்தச் சத்தம் இருந்திருக்கிறது, நான் அதன் நடுவே நடமாடியிருக்கிறேன் என்று நினைக்கவே மயக்கமாக இருந்தது. மருந்து போட்ட தாய் இருந்த அடுத்த கூண்டுக் குட்டிகளில் இரண்டு மூன்று கூப்பிடவே இல்லை. கண் திறக்காமல், வாயை அசைக்காமல் கிடந்தன. ஹெட்ஃபோனில் வெறும் காற்று. கழற்றாமல் அதையே கேட்டுக்கொண்டு நின்றேன்.

அன்றைக்குத்தான் ஒரு தப்பைச் செய்ய ஆரம்பித்தேன். காய்ச்சல்காரத் தாய்களின் கூண்டுகளில் மட்டும் இரண்டு பங்கு பஞ்சு வைத்தேன். கிழித்த காகிதம் வைத்தேன். சுத்தம் செய்யும்போது குட்டிகளை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். யாருக்குச் செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. இப்படி மூன்று வாரம்.

ஒரு சனிக்கிழமை மதியம் மாணவி சொல்லாமல் வந்தாள். கூண்டுகளைப் பார்த்துக்கொண்டே போனவள் நின்றாள். திரும்பிப் போய் முதலிலிருந்து பார்த்தாள்.

"அக்கா, இந்த அஞ்சுல மட்டும் ஏன் பஞ்சு இவ்ளோ இருக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. "நான்தான் வெச்சேன்" என்றேன்.

"எது எதுன்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அவள் கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "இந்த பேட்ச் மொத்தமும் போச்சுக்கா. குட்டி மாறினா மருந்தால மாறுச்சா, நீங்க வெச்ச பஞ்சால மாறுச்சான்னு எப்படிச் சொல்லுவேன்? மூணு மாச வேலை." குரல் உயரவில்லை. அழாமல் இருப்பதற்காகத் தரையைப் பார்த்தபடி பேசினாள். பிறகு, "ஏன்க்கா?" என்றாள்.

சொன்னேன். மழை, நான்கு நாள், மிதந்த கட்டில், மூடிகளின் வரிசை, மருத்துவரின் கேள்வி எல்லாவற்றையும். யாரிடமும் அதை முதலிலிருந்து கடைசிவரை சொன்னதில்லை. என் குரல் வேறு யாருடையதோ போல எனக்கே தூரத்தில் கேட்டது. முடித்துவிட்டு, "அப்ப என்னாலதானா?" என்று கேட்டேன்.

அவள் எழுந்து ஒரு கூண்டை இழுத்தாள்.

"இதுல எட்டு குட்டி. ஒரே தாய், ஒரே மருந்து. எட்டும் ஒரே மாதிரியா இருக்குது? இது ரெண்டும் அன்னிக்குக் கூப்பிடல, மத்ததெல்லாம் கத்துச்சுங்க. எலியிலயே இப்படி. மனுசங்கள்ல இன்னும் சிக்கல்க்கா. மாசமா இருக்கறப்ப காய்ச்சல் வந்த அம்மாங்க எத்தினியோ பேரு. பெரும்பாலும் அவங்க புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆவறதில்ல. காய்ச்சலே வராதவங்க புள்ளைக்கும் ஆட்டிசம் இருக்குது. பரம்பரையா வர்றது நெறைய. உங்க பாப்பாவைக் காட்டி இதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது."

"கொஞ்சமாவது அதோட பங்கு இருக்கும்ல?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஆனா காய்ச்சல் நீங்க பண்ண தப்பு இல்லக்கா. உங்க ரெண்டு பேருக்காகவும்தான் உடம்பு சண்டை போட்டுச்சு."

ஆறுதலுக்காக அவள் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் அந்தப் பேச்சு என்னிடம் தங்கியது.

திங்கட்கிழமை இருவரும் ஆய்வை நடத்தும் பேராசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னோம். அந்த பேட்சை ஆய்விலிருந்து நீக்கினார்கள். எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. வேலை போகவில்லை. மாணவி முதலிலிருந்து தொடங்கினாள். ஒரு மாதம் வேறொருவர் எலிகளைப் பிடித்தார். அப்புறம் அவளே வந்து, "நீங்க புடிச்சா அதுங்க பயப்படறதில்ல, வாங்கக்கா" என்று அழைத்தாள். அதன்பின் ஒவ்வொரு கூண்டின் பஞ்சையும் தராசில் நிறுத்து வைத்தேன். எண்களைப் பார்க்காமல் வேலை செய்யப் பழகினேன்.

கணவரிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. அவர் துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவர், அதிகம் பேச மாட்டார். ஞாயிறு சாயங்காலம் மகளை நடுவில் உட்கார வைத்து பைக்கில் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தோம். ஆறும் கடலும் சேரும் இடம் வெளிர்நீலமாக, எது தண்ணீர் எது வானம் என்று தெரியாமல் கிடந்தது. அவர் முதுகைப் பார்த்தபடியே காய்ச்சலைப் பற்றி இத்தனை வருஷம் நினைத்ததையெல்லாம் சொன்னேன். பாலம் தாண்டி வண்டியை ஓரம் நிறுத்தினார்.

"ரெண்டாம் நாளே உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருக்கணும்" என்றார். "தண்ணியில எப்படிப் போறதுன்னு பாத்துட்டு, நாளைக்கு எறங்கிடும் நாளைக்கு எறங்கிடும்னு இருந்துட்டேன். பாப்பாவைப் பாக்கறப்பல்லாம் அதான் ஞாபகம் வருது எனக்கு."

ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், ஆறு வருஷமாக இரண்டு பேரும் ஒரே குற்றத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம். மாணவி சொன்னதை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே மகளின் செருப்பு வாரைச் சரி செய்தார். இரண்டு தடவை கழற்றி மாட்டினார்.

மகளின் முதல் தெளிவான சொல் அதற்குப் பிறகுதான் வந்தது. அம்மா இல்லை, அப்பா இல்லை. குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது, கட்டிலுக்கு அடியிலிருந்து "போதும்" என்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுகிறாள். உதவிக்கு ஓர் ஆசிரியை இருக்கும் பள்ளிக்குப் போகிறாள். டவுனுக்கு ஆள் ஏற்றிப் போகும் டெம்போவில் இடதுபக்க ஜன்னல் கிடைக்காவிட்டால் ஏற மாட்டாள். அடுத்த டெம்போவுக்காக நிற்போம். என்னை எப்போதாவதுதான் அம்மா என்கிறாள், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கிறாள்.

போன மழைக்காலத்தில் எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. அவளுக்கு ஆறாம் மாதம். காய்ச்சல் மாத்திரை போட்டால் குழந்தைக்கு ஆகாது என்று யாரோ சொல்ல, போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. ஆட்டோவைக் கூப்பிட்டு அப்போதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார், காய்ச்சல் இறங்க மருந்து கொடுத்தார், ஒரு நாள் இருக்கச் சொன்னார். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது அவள் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. உங்க பாப்பாவுக்கு இப்படித்தான..."

"அது யாருக்கும் தெரியாதும்மா" என்றேன். "காய்ச்சல் வந்தா பாக்கணும், விட்டுடக் கூடாது. நீ வந்துட்ட. இதுக்கு மேல உன் கையில ஒண்ணும் இல்ல. தூங்கு."

அவள் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் நெற்றியில் வியர்வை அரும்பியது. என் முந்தானையால் துடைத்துவிட்டேன். வார்டு ஜன்னலுக்கு வெளியே மழை விட்டு, ஈரச் சுவரில் மத்தியான வெயில் விழுந்திருந்தது. அவள் மாமியார் சோறு எடுத்துக்கொண்டு வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.