வெடிக்க மாட்டேன் என்ற மாமன்

அச்சுப் பிசகிய காலண்டர் தாள்களை உடம்பெல்லாம் சுற்றி, உச்சந்தலையில் கயிற்றுத் திரி ஒன்றைச் செருகிக்கொண்டு பால்பாண்டி சைக்கிளில் போகிறார். பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

"ஏலே கோட்டி, இன்னைக்கு என்ன வேசம்?"

"அணுகுண்டு, அக்கா. உள்ள எடம் இருக்கா?"

முகத்தில் ஒரு கோடுகூட அசையாது.

பகலில் சிவகாசியில் காலண்டருக்குத் தகரப் பட்டை அடிக்கும் வேலை. மற்ற நேரத்தில் 'நமத்த வெடி' என்ற பெயரில் யூடியூபுக்குப் படம் எடுக்கிறார். கதை, நடிப்பு, இயக்கம் எல்லாம் அவரே. செல்போனைப் பிடிப்பது மட்டும் பக்கத்து வீட்டுக் கற்பகவல்லி. அவள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள்.

முதல் படத்தில் மின்கம்பத்துக்குப் பெண் கேட்டுப் போனார். "மாப்ளை நல்ல ஒசரம். தொட்டுப் பேசத்தான் முடியாது." அடுத்ததில், ஆனைக்குட்டம் அணைப்பக்கம் ஒற்றையடிப் பாதையில் சுவரே இல்லாமல் ஒரு கதவை மட்டும் நட்டுவைத்தார். சுற்றிலும் வெட்டவெளி. ஆனாலும் வந்தவர்களெல்லாம் கதவைத் தட்டினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த ஒருவர், கால் சுட்ட பிறகே திரும்பி வந்து எடுத்துக்கொண்டார்.

"இதுக்கு என்னண்ணே அர்த்தம்?" என்று கேட்டாள் கற்பகவல்லி.

"யாருக்குத் தெரியும்? தட்டாம ஒருத்தரும் போகலைல்ல, அம்புட்டுத்தான்."

எல்லாவற்றுக்கும் அர்த்தம் எழுதியே மதிப்பெண் வாங்கியவள் அவள். அந்தக் கதவை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. ஏன் என்று எழுதச் சொன்னால் முடியாது.

புதுப் படத்தில், வெடி ஒன்று வெடிக்க மாட்டேன் என்று கல்யாண வீட்டுத் தாய்மாமனைப் போல் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. ஒத்திகையைத் தன் மதினி தங்கத்தாய் வீட்டு முற்றத்தில் வைத்தார் பால்பாண்டி; வெடி அவரேதான். மதினியின் கணவர், இவருடைய அண்ணன் காமராஜ், பட்டாசு ஆலை விபத்தில் இறந்தவர். அதிலிருந்து வேட்டுச் சத்தம் கேட்டாலே மதினி காதைப் பொத்திக்கொள்வார்.

"மதினி வேணாம்னு ஒரு வார்த்த சொன்னாகன்னா படமே கெடையாது, தாயி" என்று கற்பகவல்லியிடம் முன்பே சொல்லியிருந்தார்.

சொந்தக்காரர்களாக நடித்த தெருப்பெண்கள் கெஞ்சினார்கள்.

"மாமா, சபையில மானம் போகுது. ஒரு தடவ வெடிச்சிருங்க!"

"பத்திரிகையில எம்பேரு எங்க?"

"போட்டிருக்கு மாமா, திரிக்குக் கீழ சின்னதா."

எல்லோரும் சிரித்தார்கள், தங்கத்தாயைத் தவிர. அப்போது வெடி மெதுவாகக் கேட்டது: "வெடிச்சிட்டா அப்புறம் நான் எங்கன இருப்பேன்?"

அது கற்பகவல்லிக்கும் புதிய வசனம். தங்கத்தாய் எழுந்து விறுவிறுவென்று உள்ளே போனார். படம் அவ்வளவுதான் என்று கற்பகவல்லி போனை இறக்கினாள்.

செம்பில் தண்ணீரோடு திரும்பி வந்தார் தங்கத்தாய்.

"கோட்டிக்காரப் பயலே, இதுக்கா இம்புட்டுப் பேச்சு? திரிய நனைச்சுவிட்டா எவன் பத்தவைப்பான்? நனைச்சிட்டு, எந்திரிச்சு வந்து சோறு திங்கச் சொல்லு அந்த மாமன."

விரலைத் தண்ணீரில் நனைத்து, திரியை நோக்கிக் கையை நீட்டினார்.

முகம் மாறாமல், அந்தக் கைக்கு எட்டும்படி, பால்பாண்டி தலையைத் தாழ்த்திக் கொடுத்தார்.