ஆரோக்கியசெல்வி வண்டி பார்க்கப் போனது

உறுவையாறில் எங்கள் தெரு ஆரோக்கியசெல்வியிடம் ஒரு பொருளை விற்பதற்குள் எந்த வியாபாரிக்கும் நாக்குத் தள்ளிவிடும். மீன்காரியிடம் செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்வாள். ரேஷன் அரிசியை அள்ளி ஊதிப் பார்ப்பாள். "கண்ணால பாக்காம எதையும் நம்ப மாட்டேன் கல்பனாக்கா" என்பாள் என்னிடம். அந்த வாயாடியைக் கட்டிக்கொண்டு இத்தனை வருடமும் சிரித்துக்கொண்டே காலம் தள்ளுகிற புண்ணியவான் பிரிட்டோ.

பிரிட்டோ ஒரு டிராவல்ஸில் டிரைவர். மெட்ராஸ் ஏர்போர்ட் சவாரி. ராத்திரி கிளம்பினால் விடிந்துதான் வருவான். போன கரும்பு வெட்டின்போது, கரையாம்புத்தூர் பக்கம் விடியற்காலையில், லைட் இல்லாமல் போன கரும்பு டிராக்டரின் பின்னால் கொண்டுபோய் மோதினான். கரும்பு கண்ணாடியை உடைத்துக்கொண்டு அவன் காதோரம் வந்து நின்றது. தூங்கிவிட்டேன் என்று அவனே ஒத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன் சவாரி போகிற ராத்திரியெல்லாம் செல்விக்கும் தூக்கம் போயிற்று. விடிய விடிய போன் போட்டு அவனிடம் பேச்சுக் கொடுப்பாள். காலையில் தான் வேலை பார்க்கிற மாத்திரை கம்பெனியில் நின்றுகொண்டே ஆடி விழுவாள்.

சொந்தமாக ஒரு பழைய வண்டி எடுத்துச் சவாரி ஓட்டலாம் என்று பிரிட்டோ ஆரம்பித்தபோது அவள் ஒரே பிடியாக நின்றாள். முன்னால் போகிற வண்டி மெதுவானால் தானும் மெதுவாகிற வண்டிதான் வேண்டும். அதன் பெயரை வீடியோ பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல். சாதா குரூஸ் என்றால் வேகத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுமாம்; முன்னால் லாரியே நின்றாலும் நேராகப் போய் முட்டுமாம். எனக்கே பாடம் எடுத்தாள் என்றால் பாருங்கள்.

வில்லியனூரில் பழைய வண்டி விற்கிற மணவாளன், ஒரு வெள்ளை எஸ்யூவி வந்திருப்பதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் மூன்று பேரும் போனோம். பிரிட்டோ ராத்திரி சவாரியிலிருந்து அப்போதுதான் வந்து, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு கிளம்பியிருந்தான்.

"டாப் மாடல்மா. எல்லாம் இருக்குது" என்றார் மணவாளன்.

"எல்லாம் வேணாம்ணே. அது இருக்குதா?"

"ஸ்டியரிங்ல பட்டன் இருக்குது பாரு."

"சாதா குரூஸுக்கும்தான் பட்டன் இருக்குது. காதுல பூ சுத்தாதீங்க. ரோட்ல காட்டுங்க."

நாலுவழிச் சாலைக்கு வந்தோம். மணவாளன் ஓட்டினார். பக்கத்தில் செல்வி, பின்னால் நானும் பிரிட்டோவும். அவர் பட்டனை அமுக்கினார். திரையில் மஞ்சளாக ஓர் எச்சரிக்கை வந்து, பீப் என்று கத்திவிட்டு அணைந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி பீப். மனிதருக்கு வேர்த்துவிட்டது.

"நேத்து எடுத்தாரும்போது வேலை செஞ்சிதும்மா. சாமி சத்தியமா."

எனக்கு வந்ததே கோபம்! "எறங்குடி செல்வி, ஆள ஏமாத்துறாரு" என்றேன். பிரிட்டோவின் முகம் சுண்டிப்போனது. வண்டியைப் பார்த்ததுமே அவனுக்குப் பிடித்துவிட்டிருந்தது.

வண்டியை ஓரங்கட்டியதும் செல்வி இறங்கினாள். ஆனால் வீட்டுக்குக் கிளம்பவில்லை. வண்டியின் முன்பக்கம் போய்க் குனிந்தாள். வந்த வண்டி சீக்கிரம் விலைபோக வேண்டும் என்று பூசை போடுவது மணவாளனின் வழக்கம். நம்பர் பிளேட்டுக்குக் கீழே கறுப்பாகப் பளபளத்த சதுரத்தில் அவர் அப்பிய சந்தனம் வரட்டி மாதிரி காய்ந்து கிடந்தது. நடுவில் குங்குமம் வேறு.

"அண்ணே, முன்னாடி போற வண்டிய இது வழியாத்தான் பாக்கும். அது மேலயே பூசி வெச்சா அதுக்கு இன்னா தெரியும்?"

"சாமிக்கு வெச்சதும்மா..." என்று இழுத்தார்.

"உங்க சாமி கோச்சிக்காது." தண்ணீர் ஊற்றி, முந்தானையாலேயே துடைத்துவிட்டு வந்து ஏறினாள்.

இந்தத் தடவை திரையில் பச்சையாக ஒரு குட்டி கார் வந்தது. முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது.

"ரெண்டு காலையும் உள்ள இழுத்துக்குங்கண்ணே. நான் பாக்கணும்."

"உசுரோட வெளையாடுறியாம்மா?"

"நீங்கதான இருக்குதுன்னீங்க."

அவர் கால்களை இழுத்துக்கொண்டார். செல்வி குனிந்து அவர் பாதத்தையே பார்த்தாள். பஸ் வேகம் குறைந்தது. அதன் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. மாதாவே என்று பிரிட்டோ முனகினான். சட்டென்று யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்த மாதிரி வண்டி மெதுவானது. அவர் கால் அசையவே இல்லை. செல்வி நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

அடுத்து பிரிட்டோ ஓட்டினான். "பிரேக்க அது பாத்துக்கும். ஸ்டியரிங்க நீதான் பிடிக்கணும், தானா திரும்பாது" என்று சொல்லிவிட்டு மணவாளன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு பால் வண்டியின் பின்னால், அதே இடைவெளியில், சீராகப் போனோம். ஏசி குளுகுளுவென்று இருந்தது. அவன் காலுக்கு வேலையே இல்லை. மணவாளன் வண்டியின் பெருமையை அளந்துகொண்டிருந்தார்.

வண்டி லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. வெள்ளைக் கோடு சக்கரத்துக்கு அடியில் போயிற்று. ஓரத்து இரும்புத் தடுப்பு கிட்டே வந்தது. முன்னால் தொங்கிய கண்ணாடியில் பார்த்தேன். பிரிட்டோவின் கண்கள் மூடியிருந்தன.

"யோவ்!" செல்வி எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து வெடுக்கென்று திருப்பினாள். பிரிட்டோ திடுக்கிட்டு விழித்துக்கொண்டு, பிரேக்கை மிதித்து ஓரமாக நிறுத்தினான்.

"பாத்தியாம்மா, இத்தினி ஆட்டத்துலயும் முன்னாடி வண்டிய முட்டல" என்றார் மணவாளன். எனக்கு அவரை ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது.

"ஆமாண்ணே. நீங்க பொய் சொல்லல." செல்வி அப்போதுதான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். "ஆனா இந்த வண்டி வேணாம்."

பிரிட்டோ தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். "கால் சும்மா இருந்திச்சு. கண்ணு தானா சொருவிடிச்சி. ஒரு நிமிசந்தான்டி."

"இது வந்திடிச்சின்னா நானும் வூட்ல நிம்மதியா தூங்கிடுவேன்யா. வண்டி பாத்துக்கும்னு போன் போட மாட்டேன். அப்ப உன்ன யாரு எழுப்புவா?"

பிரிட்டோ கண்களைத் தேய்த்துக்கொண்டான்.

"ராத்திரி சவாரிய வுட்டுடு" என்றாள்.

"வுட்டுட்டு சோத்துக்கு இன்னா பண்றது?"

"சோறு கொறைஞ்சா கொறையட்டும். எனக்கு நீ வேணும்." அவள் குரல் உடைந்து அழுதுவிட்டாள்.

பிரிட்டோ சாவியை எடுத்து மணவாளனிடம் நீட்டினான். இறங்கி, அங்கேயே நின்று டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டான். "அண்ணே, இன்னிக்கு நைட்டு நான் வரல" என்றான். அந்தப் பக்கம் அவர் போட்ட சத்தம் எங்களுக்கும் கேட்டது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, செல்வியைப் பார்த்தபடியே பிரிட்டோ சொன்னான்: "நாளைக்கும் வரலண்ணே."