சாயப்பட்டறைச் சுவரின் வெந்நீர்க் குழாய்

அந்தக் காலத்தில் அந்தத் தெருவில் வெந்நீர் வைக்க யாரும் அடுப்பு மூட்டியதே கிடையாது. சாயப்பட்டறையின் பின்சுவரில் ஒரு குழாய் துருத்திக்கொண்டிருக்கும். விடிந்தால் போதும், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கொட்டும். தெருவே ஆவிமூட்டமாகிவிடும், எதிரே வருவது மாமியாரா மருமகளா என்று குரலை வைத்துத்தான் சொல்ல முடியும். எல்லாம் முதலாளி செய்யும் தருமம் என்று தெரு நினைத்தது.

தருமமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்பது பாய்லர்காரருக்குத் தெரியும். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத மனிதர். விறகு சுமக்க வந்து, பாய்லரையே கையில் வாங்கிக்கொண்டவர். நெருப்பின் குணம் அவரைப் போல அறிந்தவன் அந்த வட்டாரத்தில் பிறக்கவில்லை. அவரே சொல்வார், யாரும் மறுத்ததில்லை. பாய்லரிலிருந்து கிளம்பும் நீராவி, சாயத்தொட்டிக்குள் இருக்கும் சுருள் குழாயில் சுற்றிச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீராகிவிடும். சாயம் படாத சுத்தமான தண்ணீர். அந்தச் சுடுதண்ணீரைத் தெருவில் விட்டுவிட்டு, பாய்லருக்குப் பச்சைத் தண்ணீரை ஊற்றி, மறுபடியும் விறகைத் திணித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

இருந்தும் பல வருஷம் அவர் வாய் திறக்கவில்லை. காரணம் உண்டு. வாளி நிறைந்து வழிவதுகூடத் தெரியாமல் அவரோடு வாயாடிக்கொண்டு நின்ற ஒரு பெண்ணை அந்தக் குழாயடியில்தான் பார்த்தார், கட்டிக்கொண்டார்.

பிறகு ஒரு வருஷம் விறகு வண்டிகள் வருவது குறைந்தது. முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"சாயங்கால ஷிப்டை நிறுத்திட வேண்டியதுதான்பா. ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பிடலாம்."

"எதுக்கு முதலாளி? தெருவுக்குப் போற சூட்டை நம்ம பாய்லருக்கே திருப்பிட்டா போதும். நான் எதுக்கு இருக்கேன்?"

அன்று வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே சேதி வந்துவிட்டிருந்தது.

"குழாயை அடைக்கப் போறீங்களாமே?" என்றாள் மனைவி.

"அடைக்கல. திருப்பப் போறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். தெருவுல நான் எப்படித் தலை காட்டுறது? பாய்லர்காரர் பொண்டாட்டின்னு முதல் வாளியை எனக்கு விட்டுக் கொடுத்தவங்க அவங்க."

"சாயங்கால ஷிப்டு ஆளுங்களும் சாப்பிடணும்ல?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. தண்ணி நின்னுச்சுன்னா என் பேச்சும் நின்னுடும். சொல்லிட்டேன்."

"உன் பேச்சா? நிக்கிறதா?" என்று சிரித்தார். நெருப்பை அளந்தவர், அவளை அளக்கத் தவறினார்.

குழாயைத் திருப்பி, சாக்குச் சுற்றி, பாய்லர் தலைமாட்டில் ஒரு தொட்டி வைத்து அதில் கொண்டுவந்து விட்டார். ஆறு கட்டு விறகு எரிந்த இடத்தில் ஐந்து எரிந்தது. சாயங்கால ஷிப்டு தப்பியது. முதலாளி எல்லோர் முன்னாலும் தோளில் தட்டினார்.

வீட்டிலோ மனைவி சுவரோடு பேசினாள்.

"சுவரே, சோறு போட்டாச்சுன்னு சொல்லு."

"சுவரே, உப்பு கம்மின்னு சொல்லு," என்பார் அவரும்.

"பாய்லர்ல இருந்தா அள்ளிப் போட்டுக்கச் சொல்லு, சுவரே."

தெருவில் இறங்கினால் மூலை வீட்டு அக்கா விடமாட்டாள். "என்ன தம்பி, எங்க வெந்நீரையெல்லாம் நீங்களே குடிச்சுட்டீங்களா?" மார்பை நிமிர்த்தித்தான் நடந்தார். ஆனால் வீட்டில் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவார். பட்டறையே பாராட்டினாலும் ஒருத்தி முகம் பார்த்துப் பேசாத வீடு வீடா?

மழை முடிந்து குளிர் தொடங்கிய நாட்களில் ஒரு காலை, தொட்டிக்கு வரும் பச்சைத் தண்ணீரை அளவோடு நிறுத்தும் மிதவை சிக்கிக்கொண்டது. தொட்டி நிரம்பி, மேலே நின்ற சுடுதண்ணீர் வழிகுழாய் வழியே பின்சுவரில் கொட்டியது. தெருவே வாளியோடு ஓடி வந்தது. ஸ்பேனரோடு வெளியே ஓடி வந்தவர், வரிசையில் அவள் நிற்பதைப் பார்த்ததும் ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஒரு சொட்டு வீணானாலும் துள்ளுகிறவர், மரம் மாதிரி நின்றார்.

அவள் நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, பார்த்துக்கிட்டே நிக்கிறீங்க? விறகு வீணாப் போகலையா?"

"போகுதுதான்," என்றார் அவர். "அக்கா வாளி இன்னும் பாதிதான் ரொம்பியிருக்கு."

"ஆமா, பெரிய வள்ளல்!" என்றாள். சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசி வாளியும் நிறைந்த பிறகுதான் உள்ளே போய் மிதவையை விடுவித்தார். அதற்குப் பிறகு அந்தச் சுவரிலிருந்து ஒரு சொட்டுகூட விழுந்ததில்லை. அவர் வேலை அப்படி.