தீட்டுக் கழித்த கிணறு

இன்றைக்கும் கெண்டை மீனைக் கண்டால் எனக்குப் பசி வராது, ஆத்திரம்தான் வரும்.

புருஷன் போன பிறகு அன்னூர்ப் பக்கம் என் அண்ணன் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். சோற்றுக்குக் குறையில்லை. ஆனால் அடுப்படியில் எந்தப் பாத்திரத்தைத் தொட்டாலும் அண்ணி ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு ஆயுசு முழுக்கக் குனிந்திருக்க என்னால் ஆகாது என்றுதான் மீன் வளர்க்கத் துணிந்தேன். தோட்டத்துக் கிணறுகளில் விடுவதற்கு மீன் இலாகாக்காரர் ஒருவர் கெண்டைக் குஞ்சுகள் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பவானியிலிருந்து மண்பானைகளில் வண்டியேற்றி, வழியெல்லாம் தண்ணீரைக் கையால் அலம்பியபடியே கொண்டுவந்தேன். வீட்டுக்குக் குடிக்க வேறு கிணறு உண்டு. இது காட்டுப் பயிருக்கு இறைக்கிற கிணறு. அண்ணனுக்கும், எனக்குப் பெரியப்பா முறையான பங்காளிக்கும் பொது. மீன் தேறினால் சந்தைக்கு அனுப்பி என் பாட்டை நானே பார்த்துக்கொள்ளலாம். தேறாவிட்டால் அடுப்படிதான்.

நன்றாகத்தான் வளர்ந்தன. கை தட்டினால் போதும், தவிட்டுக்குப் படியோரம் வந்து முண்டும். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் தண்ணீர் இடுப்பளவுக்குக் குறைந்து, மீன்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. மார்கழிப் பனி விழுந்ததும் விலாவில் செம்புண் கண்டது. வால் அழுகியது. ஒவ்வொன்றாக மல்லாந்து மிதந்தன.

ஆள் அனுப்பி இலாகாக்காரரை வரவழைத்தேன். குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கிருமிங்கம்மா. செத்தது தண்ணியிலயே கெடந்தா மத்ததுக்கும் பரவும். மொதல்ல அதையெல்லாம் எடுத்துச் சுண்ணாம்பு போட்டுப் பொதைச்சுப்போடுங்க. தீனியை நிறுத்துங்க. புண்ணு கண்டதைப் புடிச்சு உப்புத்தண்ணியில முக்கி வேற தொட்டியில உடுங்க."

மந்திரமில்லை, மாயமில்லை. ஓர் ஆள் கிணற்றில் இறங்கினால் போதும். அந்த ஓர் ஆள்தான் கிடைக்கவில்லை.

"செத்ததைத் தொடறது நம்ம வேலையா அம்மணி? ஊரே சிரிச்சுப்போடும்" என்றார் அண்ணன்.

"அப்பப் பண்ணையத்துக்காரரை எறங்கச் சொல்லுங்க அண்ணா."

"அவன் எறங்குனாத் தண்ணி தீட்டாயிருமே!"

பண்ணையத்துக்காரர் ஊருக்கு வெளியே இருந்த வளவிலிருந்து வேலைக்கு வருகிறவர். மாடு செத்தால் இழுத்துப்போக அவர் வேண்டும். அந்த மாடு குடித்த தண்ணீரை அவர் தொடக்கூடாது. தண்ணீரைத் தொடலாம் என்றவர்களுக்குச் செத்தது ஆகாது. செத்ததைத் தொடலாம் என்றவருக்குத் தண்ணீர் ஆகாது. இந்த அழகான ஏற்பாட்டுக்கு நடுவில் என் மீன்கள் அழுகிக்கொண்டிருந்தன.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே இறங்கப் போனேன். தாலியறுத்தவள் கிணற்றில் இறங்கினால் ஊர் என்ன பேசும் என்று அண்ணி படியை மறித்தாள். நான் போட்ட சத்தத்தில் அண்ணனுக்கே வெறுத்துப்போயிற்று. பெரியப்பா மஞ்சள் விற்க ஈரோட்டுக்குப் போயிருந்த சமயம். "என்னமோ பண்ணிக்க, நான் பாக்குலே" என்று அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏனுங்க சின்னம்மணி, பெரிய கவுண்டருக்குத் தெரிஞ்சா என் முதுகுத்தோலு மிஞ்சாதுங்க" என்று பெரியப்பாவை நினைத்துத் தயங்கினார் பண்ணையத்துக்காரர்.

"நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றேன். இறங்கினார். செத்ததை அள்ளிக் கூடையில் மேலே கொடுத்தார். புண் கண்டதை நான் உப்புத்தண்ணீரில் முக்கித் தொட்டியில் விட்டேன். நாலைந்து நாளில் புண் ஆறத் தொடங்கியது. தேறியவற்றைத் திரும்பக் கிணற்றில் விட்டோம். கை தட்டியதும் மறுபடி படியோரம் வந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஈரோட்டிலிருந்து திரும்பிய பெரியப்பாவுக்கு யாரோ ஓதிவிட்டார்கள். பண்ணையத்துக்காரரைக் கிணற்றடியில் நிறுத்தி வாய்க்கு வந்தபடி ஏசி, வேலையை விட்டே விரட்டினார். நான்தான் சொன்னேன் என்று கத்தினேன். என் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு தீட்டுக் கழித்தார்கள். கூடை கூடையாகச் சாணி, குடம் குடமாகக் கோமியம், அதற்கு மேல் பால். இடுப்பளவுத் தண்ணீரில் அத்தனையையும் கொட்டினார்கள். மீன் செத்துப்போகும் என்று தொண்டை கிழியச் சொன்னேன். "பசு மாட்டுதுல தோசமேது அம்மணி?" என்றார் பெரியப்பா.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். நோயில் தப்பியவை, புண் ஆறியவை, புண்ணே காணாதவை, எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மிதந்தன. என் வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

வெயில் ஏற ஏற நாற்றம் தாங்க முடியவில்லை. காளைகள் இறைக்க வர மறுத்து முரண்டு பிடித்தன. பெரியப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "அவனை வரச் சொல்லுங்கடா. செத்ததை எடுத்துப் போட்டுட்டுப் போகட்டும்."

பண்ணையத்துக்காரர் வந்து, துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி எட்ட நின்றார். நான் படியில் குறுக்கே நின்றுகொண்டேன்.

"நீங்க ஊட்டுக்குப் போங்க. எறங்க வேண்டாம்" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் பெரியப்பாவிடம் திரும்பினேன். "சுத்தம் பண்ணுன தண்ணிதானுங்களே. ஒரு சொம்பு மோந்து குடிச்சுக் காட்டுங்க."

அவர் மூக்கைப் பொத்திய கையை எடுக்கவே இல்லை. பண்ணையத்துக்காரர் போய்விட்டார். பயிர் வாடத் தொடங்கியதும், பெரியப்பாவும் அண்ணனும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, வேட்டியை வரிந்துகட்டிக்கொண்டு தாங்களே இறங்கிச் செத்த மீனை அள்ளினார்கள். தோசமும் வரவில்லை, ஊரும் சிரிக்கவில்லை. இறங்க அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. என் மீன்களுக்கு உயிர் இருந்தவரை அவர்கள் இறங்கவில்லை.