கப்பலுக்காக அணைத்த விளக்குகள்

கடலிலிருந்து ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கும் குன்னூருக்கு ஒரு போர்க்கப்பலால் ஆபத்து வரலாம் என்று நம்பிச் செயல்பட்ட ஒரே ஊழியர் என் நண்பர். அவர் நம்பியது தவறு என்று நல்ல தமிழில் எழுதிக் கோப்பில் சேர்த்தவன் நான்.

நாங்கள் இருவரும் ஒரே அலுவலகம். குந்தாவிலிருந்து வரும் மின்சாரத்தை ஊருக்குப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. அவர் சுவிட்ச் போர்டில் இருந்தார், நான் மேசையில் இருந்தேன். அவர் கை வைத்தால் ஊர் இருண்டுவிடும். நான் கை வைத்தால் ஒரு மனிதனின் பணிப்பதிவேடு இருண்டுவிடும்.

வங்கதேசப் போர் நடந்த அந்த டிசம்பரில், இருட்டடிப்பு எப்படிச் செய்ய வேண்டும் என்று எங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. பொறியாளரின் எழுத்து மூலமான ஆணை இல்லாமல் யாரும் ஒரு விளக்கையும் அணைக்கக் கூடாது. ஆணை இரண்டு நகல்களில் இருக்க வேண்டும். பாகிஸ்தான் விமானம் இரண்டாவது நகலுக்காகக் காத்திருக்குமா என்பது பற்றிச் சுற்றறிக்கையில் குறிப்பு இல்லை.

ஒருநாள் சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். அமெரிக்கப் போர்க்கப்பல்கள் பாகிஸ்தானுக்கு ஆதரவாக வங்காள விரிகுடாவை நோக்கி வருகின்றன என்று எதிர் டீக்கடை ரேடியோவில் செய்தி வந்தது. நண்பர் பொறியாளர் வீட்டுக்கு போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. வெளியே வந்து பள்ளத்தாக்கைப் பார்த்தார். கீழே வெடிமருந்து ஆலை முழுக்க விளக்கு. உள்ளே போனார். பிடியை இழுத்துவிட்டார். நாற்பது நிமிடம் ஊர் இருட்டாக இருந்தது.

சினிமாக் கொட்டகையில் விசில் அடித்தார்கள், அது பரவாயில்லை. கிளப்பில் வெளியூரிலிருந்து வந்த பெரிய அதிகாரிக்கு விருந்து நடந்துகொண்டிருந்தது. எங்கள் பொறியாளர் போனை எடுக்காததற்கும் அந்த விருந்துதான் காரணம். பெரியவர் இருட்டில் சூப்பைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். மறுநாள் காலை பத்து மணிக்குக் கோப்பு என் மேசைக்கு வந்துவிட்டது.

நண்பரின் விளக்கம் ஒரே வரி. "கப்பல் மலையேறாது என்பது எனக்கும் தெரியும், ஆனால் அந்தக் கப்பலில் விமானம் இருக்கிறது, அது மலையேறும்." இதற்கு என்ன பதில் எழுதுவது என்று பொறியாளருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. என் வரைவுகளை ஒருவரும் திருத்துவதில்லை என்ற கர்வம் இருந்தது. இப்படி எழுதினேன்: "அவ்வாறான கப்பல் எதுவும் வந்ததாக இவ்வலுவலகத்திற்கு அதிகாரபூர்வமான தகவல் இல்லை. எனவே இல்லாத கப்பலைக் காரணம் காட்டி விளக்குகளை அணைத்தது பொறுப்பற்ற செயலாகும்."

தகவல் இல்லை என்பது உண்மை. அதிலிருந்து இல்லாத கப்பல் என்று தாவியது என் சொந்தச் சரக்கு. பொறியாளர் அந்த வாக்கியத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "பிரமாதம்" என்றார். அந்த வாக்கியத்துடன் நண்பருக்குக் கண்டனக் குறிப்பாணை போனது, பணிப்பதிவேட்டிலும் ஏறியது. அடுத்த வருடம் வர வேண்டிய ஃபோர்மேன் பதவி வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை.

பதவியைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் ஊர் பக்கத்து மலைக் கிராமமான கட்டபெட்டு. ஆனால் அந்த ஊர் டீக்கடையில் அவருக்குக் கப்பல்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மழை பெய்தால், "ஏனுங்க கப்பல்காரரே, தண்ணி நெறையா வருது, கப்பல் வந்துருச்சுங்களா?" கரண்ட் போனால், "கப்பல் வந்துருச்சாட்ட இருக்குதுங்க!" அவர் மகள் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டாரிடம் யாரோ, "பொண்ணோட அப்பன் கப்பல்ல வேலைங்க" என்று சொல்லி, அவர்கள் அதை நம்பி, விளக்கிச் சொல்வதற்குள் பெரும்பாடாகிவிட்டது. முப்பது வருடத்துக்கும் மேலாக இது நடந்தது. எல்லாவற்றுக்கும் அவர் ஒரே பதில்தான் சொல்வார்: "கப்பல் வந்துச்சுங்க. நான் அணைச்சது சரிதானுங்க."

என்னிடம் அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. வரைவு யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் காலை குன்னூரில் என் வீட்டுக்கு வந்தார். கையில் அன்றைய செய்தித்தாளும், பிளாஸ்டிக் உறைக்குள் அந்தக் குறிப்பாணையும் இருந்தன.

"சார், வந்துருச்சுங்க."

"என்னதுங்க?"

"நம்ம கப்பலுங்க."

அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று நல்லெண்ணப் பயணமாகச் சென்னைத் துறைமுகத்துக்கு வருகிறது என்று செய்தி. பள்ளிப் பிள்ளைகளும் சில சங்கத்தினரும் கப்பலுக்குள் போய்ப் பார்க்கலாம்.

"போயி என்ன பண்றதுங்க?" என்று கேட்டேன்.

"இல்லாத கப்பல்னு எழுதியிருக்குதுங்களே, அது இருக்குதான்னு பாத்துட்டு வரலாமுங்க. நீங்களும் வாங்க. நீங்கதானுங்களே எழுதுனீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. மீட்டர் அளவு படிக்கிற குரலில் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அனுமதி வாங்குவது என் பொறுப்பு. நான் ஓர் ஓய்வூதியர் சங்கத்தின் செயலாளர். அதன் தலைப்புக் கடிதத்தாளில் விண்ணப்பித்தேன். தனி நபர்களுக்கு அனுமதி இல்லை என்று பதில் வந்தது. நாங்கள் தனி நபர்கள் அல்லர், இருவர் கொண்ட தூதுக்குழு என்று எழுதினேன். தூதுக்குழுவின் நோக்கம் என்ன என்று கேட்டார்கள். "பழைய கோப்பு ஒன்றைச் சரிபார்த்தல்" என்றேன். கோப்பு என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் கதவுகள் திறக்கும். பாஸ் வந்தது.

மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறிச் சென்னை போனோம். நண்பர் பெட்டியிலிருந்து தன் பழைய காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். வயிற்றுப் பக்கம் பொத்தான் சேரவில்லை. துறைமுக வாசலில் இருந்த காவலர், "பெரியவரே, டிரைவருங்க எல்லாம் வெளியதான் நிக்கணும்" என்றார். "நான் டிரைவர் இல்லீங்க, தூதுக்குழுங்க" என்று நண்பர் பாஸை நீட்டினார்.

கப்பலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய இரும்புக் கட்டடம். குன்னூர் பஸ் நிலையத்தைவிட நீளம், நிச்சயமாக அதைவிடச் சுத்தம். பீரங்கிகளுக்கு உறை போட்டு வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அவற்றுக்கு முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குச் சுற்றிக் காட்டிய அதிகாரி ஓர் இளம்பெண். என் பேத்தியைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். சிரித்த முகம். அந்தச் சிரிப்பைப் பார்த்தவுடன் பழையதெல்லாம் சரியாகிவிட்டது என்று இங்கே எழுத வேண்டும் போலிருக்கிறது. அப்படி ஒன்றும் ஆகவில்லை. நண்பர் பீரங்கி உறையைத் தூக்கி உள்ளே பார்க்க முயன்றார், சிப்பாய் ஒருவர் ஓடி வந்து தடுத்தார்.

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். வங்கதேசப் போரின்போது உங்கள் கப்பல்கள் இந்தக் கடலுக்கு வந்தனவா? அந்தப் பெண், தான் அப்போது பிறக்கவில்லை, இந்தக் கப்பலும் பிறக்கவில்லை, ஆனால் வந்ததாகப் பாடத்தில் படித்திருப்பதாகச் சொன்னாள்.

"என்னங்க சொல்லுது அந்தப் புள்ள?"

"வந்துச்சாமுங்க. பாடத்துல இருக்குதாம்."

நண்பர் காக்கிச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு, "ஏரோப்ளேன் இருந்துச்சான்னு கேளுங்க" என்றார். கேட்டேன். நிறைய இருந்தன என்றாள்.

"எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

அந்தப் பெண் சிரித்தாள், பிறகு நாங்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். எழுதித் தரத் தனக்கு அதிகாரம் இல்லை, மேலிடத்தில்தான் கேட்க வேண்டும் என்றாள். எனக்கு மரியாதை வந்துவிட்டது. உலகின் எந்தப் படையிலும் வரைவு எழுதுகிறவர்கள் ஒரே சாதிதான். வருத்தத்துக்கு ஈடாகக் கப்பலின் சின்னம் போட்ட தொப்பி ஒன்றை நண்பரிடம் நீட்டினாள்.

"வேண்டாம்னு சொல்லுங்க. நம்ம குளிருக்கு மங்கி குல்லாதான் சரிப்படும்."

இறங்கும் வழியில் ஒரு மேசை இருந்தது. ஒரு மாலுமி பிள்ளைகளுக்கு ஞாபக அட்டை கொடுத்து, அதில் கப்பலின் முத்திரையைக் குத்திக்கொண்டிருந்தார். நண்பர் அந்த வரிசையில் போய் நின்றார். முன்னும் பின்னும் பள்ளிச் சீருடை, நடுவில் பொத்தான் சேராத காக்கி. முறை வந்ததும் பிளாஸ்டிக் உறையிலிருந்து குறிப்பாணையை எடுத்து மேசையில் வைத்து, இல்லாத கப்பல் என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். மாலுமிக்குத் தமிழ் தெரியாது. காட்டிய இடத்தில் ஓங்கிக் குத்தினார். என் வாக்கியத்தின் மேல் நங்கூரமும் கழுகும் நீல மையில் உட்கார்ந்தன.

புறப்படும் முன் அந்தக் குறிப்பாணைக்கு நான் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தேன், பையிலிருந்து அந்த இரண்டாவது நகலை எடுத்து நீட்டினேன். சுற்றறிக்கையை மீறக் கூடாது அல்லவா.

மறுநாள் மதியம் கட்டபெட்டு வந்து இறங்கியதும் நேராக டீக்கடைக்குத்தான் போனோம். வழக்கமான ஆட்கள் இருந்தார்கள். வழக்கமான கேள்வியை உர மூட்டை வியாபாரி கேட்டார்.

"என்னங்க கப்பல்காரரே, ஆளையே காணோம்? கப்பல் வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சுங்க." நண்பர் குறிப்பாணையை மேசையில் விரித்தார். "சீல் போட்டிருக்குது, பாத்துக்கோங்க."

கடைக்காரர் கூட எழுந்து வந்து பார்த்தார். ஒருவர் முத்திரையை விரலால் தேய்த்துப் பார்த்தார். இன்னொருவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு உர வியாபாரிக்கு மூச்சு வந்துவிட்டது.

"சீல் சரிங்க. கையெழுத்து எங்கீங்க? கையெழுத்து இல்லாத சீலு எந்த ஆபீஸ்ல செல்லுமுங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். இந்த மலையில் பட்டாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் நடையாய் நடந்தவர்கள். அவர்களுக்குத் தெரியாததா? நண்பர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். முப்பது வருடத்தில் கேட்காததை அப்போதும் வாயால் கேட்கவில்லை.

முடிந்த கோப்பில் திருத்தம் செய்ய ஓய்வு பெற்றவனுக்கு அதிகாரம் கிடையாது. செய்தால் அது செல்லாது. எந்த விதி, எந்த உட்பிரிவு என்பதுகூட எனக்கு மனப்பாடம். பேனாவைத் திறந்தேன். முத்திரைக்குக் கீழே எழுதினேன்: "கப்பல் வந்தது. விளக்குகளை அணைத்தது சரியான செயல். மேலே உள்ள வாக்கியத்தை எழுதியவன் நான், தவறாக எழுதினேன்." கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன். இரண்டு நகலிலும் போட்டேன்.

உர வியாபாரி அதை உரக்கப் படித்தார். கடைசி வரிக்கு வந்தபோது குரலை இறக்கிக்கொண்டார்.

"ஒண்ணு எனக்குங்க," என்றார் நண்பர், ஒரு நகலை உறைக்குள் வைத்தபடி. "இன்னொண்ண நம்ம ஆபீசுக்கு அனுப்பிருங்க."

"அங்க இத ஏத்துக்க மாட்டாங்க."

"ஏத்துக்க வேண்டாமுங்க. அவங்களுக்கு அதிகாரபூர்வமா தகவல் வந்துருச்சில்லீங்க, அது போதும்."

அன்றே பதிவுத் தபாலில், ஒப்புகைச் சீட்டுடன் அனுப்பினேன்.